கைப்பிடியைச் சுற்ற வை

தம்பி,

நீ அனுப்பிய ஹார்ட்-லங் மெஷின் சிமுலேட்டர் பயிற்சிக் குறிப்பைச் சின்னமனூரில் பஸ்சுக்குக் காத்திருந்தபோது படித்தேன். பதினெட்டு வளைவு ஏறி மேகமலை வந்து சேர்ந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை.

எல்லாக் காட்சியிலும் படுத்திருப்பவர் 70 கிலோ ஆண், ஹீமோகுளோபின் 14. யாரப்பா இவர்? நம் டேபிளுக்கு வருகிறவள் மணலாறு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண். சின்ன வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கி, 32 கிலோ, ஹீமோகுளோபின் 9. திருவனந்தபுரத்தில் 1990இல் முதன்முதலாகச் சித்ரா வால்வைப் பொருத்தினார்களே, அது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். அவள் உடம்பில் இருப்பதே இரண்டு லிட்டர் சொச்சம் ரத்தம். மெஷின் குழாய்களை நிரப்ப நீ வைத்திருக்கும் பிரைம் திரவம் 1,200 மில்லி அதில் கலந்தால் ஹீமோகுளோபின் 6க்குக் கீழே போய்விடும். சர்க்யூட்டைச் சுருக்குவதா, பிரைமில் ரத்தம் சேர்ப்பதா? பையன்களுக்கு முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது பொறுக்கவே முடியாதது. மின்தடைக் காட்சியில், 'ஹேண்ட் கிராங்க்: விளக்கவும்' என்று ஒரே வரி! பேட்டரி இருக்கிறதே சார் என்பாய். பேட்டரியும் மெஷின்தானே? விளக்காதே, கைப்பிடியைச் சுற்ற வை. லைட்டை அணைத்துவிட்டுச் சுற்ற வை. அரை அங்குலக் குழாயில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 45 மில்லி. அந்தப் பெண்ணுக்கு வினாடிக்கு ஒரு சுற்று வேண்டும். திசை மாறினால் ரோலர் பம்ப் பெருந்தமனியிலிருந்தே ரத்தத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும். பேட்டரி இல்லாத மெஷின்கள் ஓடிய காலத்தில், ஓர் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் எடுக்கவே இல்லை. நான் சுற்றினேன். டார்ச் பிடித்தவர் என் கைமேலேயே அடித்துக்கொண்டிருந்தார். "ரிசர்வாயர் லெவல்மேல அடிங்கண்ணே!" என்று கத்தினேன். கை ஓய்ந்தபோது மாற்றிச் சுற்றியவர் வார்டு பாய். அவருக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. தாளம் தப்பாமல் சுற்றினார் மனுஷன்.

ஆனால் அந்த நான்காவது காட்சி! சர்ஜன் இதயத்தைத் தூக்குகிறார், மெஷினுக்கு வரும் வீனஸ் ரிட்டர்ன் நிற்கிறது, ரிசர்வாயரில் மிச்சம் 400 மில்லி ரத்தம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் ஆறே வினாடியில் அது காலி. அந்த நேரம் பார்த்து சர்ஜன் வேறு எதற்கோ திட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பேச்சை அறுத்து, "ரிட்டர்ன் இல்ல சார், ஃப்ளோ குறைக்கிறேன்" என்று சொல்வதையே பரீட்சையாக வைத்திருக்கிறாய். இதை நான் எழுதியிருந்தால் எனக்குத் தலைகால் புரிந்திருக்காது.

அதிலும் அந்த 70 கிலோ ஆளை எழுப்பி அனுப்பிவிடு. மின்தடை எப்போது என்று பையன்களிடம் முன்கூட்டிச் சொல்லாதே. டீக்கு எழுந்திரிக்கப் போகிற நேரமாகப் பார்த்து வை.