மண் பாதையில் டூ-ஸ்ட்ரோக்: ஓட்டமும் பராமரிப்பும்



தெர்மல் பாடத்தில் டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு ஒரு படம், ஃபோர்-ஸ்ட்ரோக்கோடு வித்தியாசம் காட்ட ஓர் அட்டவணை, அத்தோடு சரி. பரீட்சைக்கு அது போதும். ஆனால் பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வருகிற நம்ம பசங்களுக்கு அது போதாது. வீட்டில் நிற்பது ஒரு பழைய எக்ஸ்.எல். சூப்பர். மாங்காய் சீசனில் அதன் மேல் கூடை கூடையாக ஏறும். சீசன் முடிந்ததும் அதே வண்டி நம் கைக்கு வரும். இன்னும் சிலருக்கு மாமாவோ சித்தப்பாவோ ஓட்டிய ஆர்.எக்ஸ். 100 கிடைத்திருக்கிறது. இவை புதிதாக இனி ஷோரூமில் வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றி ஓட்டினால்தான் உண்டு.

இந்த வண்டிகளுக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட்டான டி.வி.எஸ். 50, 1980-ல் ஓசூரிலிருந்துதான் வந்தது. 1984-ல் சுசுகியோடு கூட்டுச் சேர்ந்து அதே ஓசூரில் இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100 தயாரானது. அடுத்த ஆண்டே வடக்கிலிருந்து எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் யமஹா ஆர்.எக்ஸ். 100 போட்டிக்கு வந்தது. 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன்! இன்றைய 100 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி சுமார் 8 தான் தருகிறது. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றது. சுசுகி 2001-ல் பிரிந்து போனது. 2015-ல் ஃபோர்-ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்த பிறகு புகை விடும் எக்ஸ்.எல்.லுக்கும் காலம் முடிந்தது.

அந்த சுசுகிக்கு டூ-ஸ்ட்ரோக் வித்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்ற கம்பெனியில் வால்டர் காடன் என்ற இஞ்சினியர் இருந்தார். சைலன்சரின் வடிவத்தை வைத்தே இஞ்சினின் சக்தியைக் கூட்டலாம் என்று ரேஸ் மைதானத்தில் காட்டியவர். நடுவில் பருத்து, முன்னும் பின்னும் குறுகிப் போகும் குழாய் அது. புகை அலை அந்தக் குறுகலில் மோதித் திரும்பி வந்து, வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் ஸ்வீடன் ரேஸுக்குப் போன இடத்திலேயே கட்சி மாறி சுசுகியில் சேர்ந்தார். ரகசியமும் கூடவே போனது. மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்கு! 1985-ல் அதே சுசுகி எல்.டி. 250 ஆர். என்ற நாலு சக்கர ரேஸ் வண்டியை, ‘குவாட்’ என்கிறார்களே அதை, டூ-ஸ்ட்ரோக் இஞ்சினோடு விட்டது. யமஹா 1987-ல் பான்ஷீ விட்டது. அமெரிக்கப் பாலைவன மணலில் அவை பறந்தன. நம் ஸ்டாண்டில் பான்ஷீ நிற்கப் போவதில்லை. ஆனால் அதை ஓட்டுகிறவனுக்கும் எக்ஸ்.எல். ஓட்டுகிற நமக்கும் இஞ்சின் சீஸ் ஆகிற காரணம் ஒன்றேதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

காற்றும் எண்ணெயும்

ஃபோர்-ஸ்ட்ரோக் இஞ்சினின் அடியில் ஒரு லிட்டர் ஆயில் எப்போதும் கிடக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் அந்த இடம், அதாவது கிராங்க் கேஸ், காற்று பம்ப்பாக வேலை செய்கிறது. அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க வழியில்லை. பெட்ரோலோடு கலந்து வருகிற டூ டி ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் எல்லாம். வேலையை முடித்துவிட்டு எரிந்து புகையாகப் போய்விடும். ஆகவே பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். இந்த ஒரு வரியை மறக்கவே கூடாது. (ஆர்.எக்ஸ். 100-ல் ஆயிலுக்குத் தனி டேங்க்கும் பம்ப்பும் உண்டு. அந்தப் பம்ப்பும் ஆக்சிலேட்டர் கேபிளோடு கட்டப்பட்டதுதான்.)

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக, ஏறக்குறைய 11 கிலோ காற்று. கன அளவில் 9,000 லிட்டர்! 50-க்கு 1 என்று கலந்தால் அதே ஒரு லிட்டரில் ஆயில் எவ்வளவு? 20 மில்லி. ஒரு சின்ன மருந்து மூடி அளவு. 9,000 லிட்டர் காற்று கொண்டு வருகிற செம்மண் தூசியையும் சூட்டையும் அந்த 20 மில்லிதான் சமாளிக்க வேண்டும்.

அதனால்தான் மண் பாதையில் ஓடும் வண்டிக்கு முதல் வேலை ஏர் ஃபில்டர். ‘சத்தம் நல்லா வருது மச்சான்’ என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். என்ன நடக்கும்? தடையில்லாமல் காற்று கூடும், அந்த அளவுக்குப் பெட்ரோல் கூடாது. கலவை மெலியும், பிஸ்டன் தலை சூடேறும். கூடவே மண் உள்ளே போய் உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்க்கும். அறுவடைக் காலத்து வண்டிப் பாதையில் ஒரு நாள் ஓட்டினாலும் அன்று மாலையே ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, சிறிது ஆயிலில் நனைத்துப் பிழியுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கிழியும். உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பிழிய வேண்டும். உட்காரும் விளிம்பில் லேசாக கிரீஸ் தடவினால் ஓரமாகத் தூசி நுழையாது. பெட்ரோலில் கழுவ வேண்டாம், ஒட்டு விட்டுப்போகும், நெருப்பு ஆபத்தும் உண்டு.

‘அப்போ ஆயிலைக் கூட ஊத்திடலாமே?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 20 மில்லி ஊற்றும் இடத்தில் 40 ஊற்றினால் ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு 98 சதவீதத்திலிருந்து 96 ஆகிறது. அதாவது ஆயில் கூடினால் கலவை இன்னும் மெலிகிறது! வித்தியாசம் சின்னதுதான். ஆனால் பிளக் நனையும், சைலன்சரில் கரி கட்டும். கையேட்டில் போட்ட அளவுதான் சரி. அதையும் கண்ணால் குத்துமதிப்பாக ஊற்றாமல், அளவு போட்ட மூடியால் அளந்து ஊற்றுங்கள். நம் லேபில் பியூரெட்டை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறோம்!

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி அதைவிட 400 மீட்டர் தாழ்வு. கீழே காற்று நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு அடர்த்தி. ஓசூரில் ‘மைலேஜ் வேணும்’ என்று கலவையை ஒட்ட ஒட்டக் குறைத்து ட்யூன் செய்த வண்டி, பாரூர் ஏரிக்கரைக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் மெலிந்துவிடும். நன்றாக இருக்கிற வண்டி இதைத் தாங்கும். ஏற்கெனவே விளிம்பில் ஓடுகிற வண்டி தாங்காது.

இன்னொரு திருட்டு வழி ஆயில் சீல். கிராங்க்கின் இரண்டு முனையிலும் ஒரு ரப்பர் சீல் உண்டு. மேக்னட்டோ பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் வேகம் இறங்காமல் உறுமிக்கொண்டே இருக்கும். நிறையப் பேர் இதைப் பார்த்து ஐட்லிங் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள், பாவம். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். வெள்ளைப் புகை அடங்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். சீலின் விலை சொற்பம். அதைப் பார்க்காமல் விட்டால் புது பிஸ்டன், போர் போடும் கூலி என்று செலவு எங்கேயோ போய் நிற்கும்.

ஓட்டும் முறை

மேட்டில் இஞ்சினைத் திணறவிடாதீர்கள். டூ-ஸ்ட்ரோக்குக்குச் சக்தி மேல் சுற்றில்தான் இருக்கிறது. மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்து, சீரான ஆக்சிலேட்டரில் ஏறுங்கள். பாதியில் கியர் மாற்றினால் வண்டி நிற்கும், பின்னால் உருளும்.

இறக்கம்தான் ஆபத்து. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் பழகியவர்கள் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு இறங்குவார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் இஞ்சின் பிரேக் பெரிதாகப் பிடிக்காது. அது மட்டுமா? ஆக்சிலேட்டர் மூடியிருக்கிறது, ஆனால் சக்கரம் இழுப்பதால் இஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. பெட்ரோல் வரவில்லை, ஆகவே எண்ணெயும் வரவில்லை. அஞ்செட்டி மலைப்பாதை மாதிரி நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒருமுறை திறந்து மூடுங்கள். மீதியை இரண்டு பிரேக்கும் பார்த்துக்கொள்ளட்டும்.

தென்பெண்ணை ஆற்று மணலில் நேர் எதிர். அங்கே ஆக்சிலேட்டரைத் திடீரென்று விட்டால் முன் சக்கரம் புதைந்து தலைகுப்புற விழுவோம். உடம்பைக் கொஞ்சம் பின்னால் வைத்து, கைப்பிடியை இறுக்காமல், வேகம் மாறாமல் போக வேண்டும்.

எப்போது சீஸ் ஆகும் என்று வண்டி முன்கூட்டியே சொல்லும். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் வேகம் குறையும்; சத்தத்தின் சுருதி மாறும். கியர் வண்டியில் அந்த நொடியே கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பின் சக்கரம் இறுகி நின்று நம்மைத் தரையில் போடும். மண் பாதையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருக்கட்டும். எக்ஸ்.எல்.லில் கிளட்ச் தானே இயங்குகிறது. இஞ்சின் நின்றால் அதுவே விலகிவிடும், வண்டி உருண்டு நிற்கும்.

நின்ற பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்காதீர்கள், சிலிண்டர் கோணும், வெடிக்கவும் செய்யும். அரை மணி நேரம் மரத்தடியில் உட்காருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். நகர்ந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். வீட்டில் சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக பிஸ்டனைப் பாருங்கள். நெடுக்குக் கோடுகள் தெரிந்தால் பிளாக்கைப் பிரிக்க வேண்டியதுதான். ஓசூர் லேத் ஷாப்பில் 0.25, 0.50 என்று போர் போட்டுத் தருவார்கள். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போர் மட்டும் போட்டால் அடுத்த மாதம் மறுபடி அதே கடைதான்.

பிளக்கைப் படிக்கப் பழகுங்கள். பழுப்பு நிறம் என்றால் எல்லாம் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ கூடுதல். வெளுத்து, பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்குள் இந்த வண்டிகளை விட ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். யானை எதிரே வந்தால் 11 குதிரை போதாது. நமக்கு ஏரிக்கரையும் மாந்தோப்பு ஓரப் பாதையும் தாராளம், தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்.

மழைக் காலமும் சீசன் முடிந்த பிறகும்

ஓடையில் வண்டி நின்று தண்ணீர் உள்ளே போயிருந்தால் உடனே கிக்கரை உதைக்காதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, தண்ணீர் தெறித்து முடியும் வரை உதைக்க வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டு, கொஞ்சம் ஆயில் விட்ட பிறகே ஸ்டார்ட் செய்யலாம். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் டிரம் காய்ந்துவிடும்.

கடைசியாக, இப்போதைய பெட்ரோலைப் பற்றி. 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்குக் கலவை மெலியும். தெரிந்த மெக்கானிக்குகள் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டிப் போடுகிறார்கள். பிளக் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாங்காய் சீசன் முடிந்து மூன்று நான்கு மாதம் மழையில் நிற்கும் எக்ஸ்.எல். டேங்கில் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க்கின் குழாய் அடியில் அல்லவா இருக்கிறது? முதல் ஸ்டார்ட்டில் இஞ்சினுக்குள் போவது எண்ணெய் இல்லாத அந்த அடித் திரவம்தான். வண்டியை நிறுத்தி வைப்பதற்கு முன் டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் சுத்தமாக வடித்துவிடுங்கள். மறந்துவிட்டிருந்தால், எடுப்பதற்கு முன் டேங்க்கில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அது வண்டிக்கு ஆகாது.