பத்திரம் என்னிடமே இருக்கட்டும்

திருவெண்ணெய்நல்லூர்

அன்புள்ள பேரனுக்கு,

தாத்தா எழுதுவது. பேரூராட்சித் தேர்தலில் நீ வார்டு உறுப்பினருக்கு நிற்கப்போவதாக உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் செலவுக்கு மல்லாட்டைக் கொல்லையை அடமானம் வைக்கணும், பத்திரத்தை எடுத்து வையுங்கள் என்று போனில் சொன்னாயே, அதைத்தான் இரண்டு நாளாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். பேசினால் கோபம் வந்துவிடும். அதனால் கடிதம். பத்திரத்தைப் பற்றிப் பேசுமுன் ஒருவர் கதையைச் சொல்கிறேன்.

ஓமந்தூரார் என்றால் உனக்குச் சென்னையில் இருக்கும் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். ஆள் நம்ம பக்கத்துக்காரர். திண்டிவனத்துக்கு அருகே ஓமந்தூரில் 1895இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். நாடு விடுதலை அடைந்த அன்று இந்த மாகாணத்தை ஆண்டவர் அவர்தான்.

நாற்காலியில் இருந்தது இரண்டு வருஷமும் இரண்டு வாரமும். அதற்குள் கோயில் கதவுகளைத் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறக்கும் சட்டம், பெண்களுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம், மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பாரதியார் எழுத்தை அரசு வாங்கிப் பொதுவாக்கும் அறிவிப்பு வந்ததும் அவர் ஆட்சியில்தான். எல்லாமே சரியாகச் செய்தார் என்று சொல்லமாட்டேன். 1948இல் பள்ளிக்கூடத்தில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும் அதே ஆட்சி. அதில் எனக்கு இன்னமும் மனத்தாங்கல் உண்டு.

நான் சொல்ல வந்தது வேறு. சிபாரிசு என்று வந்தால் சொந்தக் கட்சிக்காரருக்கும் முகம் கொடுக்கமாட்டார் என்று பெயர் எடுத்தவர் ரெட்டியார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு திரண்டது. 1949 ஏப்ரலில் இறங்கினார். குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார். ரெட்டியார் வடலூருக்குப் போய், வள்ளலார் வழியில் சுத்த சன்மார்க்க நிலையம் வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். 1970இல் காலமானார்.

இறங்கியவர் திரும்பவே கூடாது என்று இல்லை. அயர்லாந்தில் டி வலேரா 1948இல் ஆட்சியை இழந்து 1951இல் திரும்ப வந்தார். கடைசியில் குடியரசுத் தலைவராகி, 90 வயதில் 1973இல்தான் ஓய்ந்தார். அது ஒரு தினுசு. ஆனால் முடியாது என்று சொல்லவும், வேண்டாம் என்று எழுந்து போகவும் ரெட்டியாரால் முடிந்ததே, அதற்கு மனஉறுதி மட்டும் காரணமில்லை என்பது என் கணக்கு. அவர் சோறு பதவியில் இல்லை, ஊரில் நிலத்தில் இருந்தது.

என் கதை உனக்குத் தெரியாது. நானும் ஒருமுறை வார்டு உறுப்பினராக இருந்தவன். செலவுக்கு ஒரு காண்டிராக்டரிடம் கைமாற்று வாங்கினேன். ஜெயித்த மறு வருஷம் நம் தெருக் கால்வாய் வேலை அவருக்கே போனது. சிமெண்டை விட மணல்தான் அதிகம் என்று கொத்தனாரே என் காதில் ஓதினான். கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது மழைக்குக் கால்வாய் பெயர்ந்தது. உன் பாட்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

கல்யாணப் பந்தலில் நின்ற சுந்தரரை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இது, நீ எனக்கு அடிமை என்று ஒரு கிழவர் இழுத்து வந்தது நம் ஊருக்குத்தான். சபை ஓலையைப் பார்த்துச் செல்லும் என்று தீர்ப்பும் சொன்னது. பிடித்தவர் சிவபெருமான், அதனால் சுந்தரர் பிழைத்தார். உன் பத்திரத்தைப் பிடிக்கப்போகிறவர் வட்டிக்கடைக்காரர்.

தேர்தலில் நில். டெபாசிட் கட்டவும் நோட்டீஸ் அடிக்கவும் என்ன ஆகுமோ எழுது, நான் தருகிறேன். ஓட்டுக்குக் கொடுக்க ஒரு பைசா கிடையாது. தோற்றால் தோற்றுப் போ, கொல்லை இருக்கிறது. ஜெயித்தாலும் உழவை விடாதே.

மல்லாட்டை முற்றிவிட்டது, பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்.

அன்புடன்,
தாத்தா