ஜூஸ் கடை மிக்ஸி: வாங்கும் முன் ஜாரைக் கழற்றிப் பாருங்கள்!

"வீட்டு முன்னாலேயே ஒரு ஜூஸ் கடை போடலாம்னு இருக்கோம் டாக்டர். எந்த மிக்ஸி வாங்கலாம்?" வெயில் காலம் வந்தால் இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. சித்த வைத்தியரிடம் மிக்ஸி பற்றிக் கேள்வியா என்று நினைக்காதீர்கள். அரைப்பது எங்கள் தொழில். கல்வத்தில் மருந்தைச் சாமக் கணக்கில் அரைக்கிறவர்கள் நாங்கள் (ஒரு சாமம் என்பது 3 மணி நேரம்). ஒரு மருந்து அரைத்த கல்வத்தைக் கழுவித் துடைக்காமல் அடுத்த மருந்தை அதில் போட மாட்டோம். ஜூஸ் கடைக்கும் முதல் பாடம் அதுதான்.

வீட்டு மிக்ஸி போதாதா?

போதாது. வீட்டு மிக்ஸியின் பெட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் '30 நிமிட ரேட்டிங்' என்று போட்டிருக்கும். 30 நிமிடம் விடாமல் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. 5 நிமிடம் ஓட்டி, 2 நிமிடம் ஓய்வு கொடுத்து, இப்படி ஆறு முறை. அவ்வளவுதான். கடையில் கூட்டம் நிற்கும்போது யார் ஓய்வு கொடுப்பது? மோட்டாரின் காயில் சூடேறிக் கருகிவிடும். கடையில் உபயோகித்தால் பல கம்பெனிகளின் வாரண்டியும் செல்லாது.

பாத்திரத்தின் அடியில் பிளேடு சுழலும் அமைப்பை அமெரிக்காவில் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் 1922-ல் உருவாக்கியதே, சோடா கடைகளில் மால்ட் கலந்த பால் பானம் கலக்கத்தான். ஆக, கடைக்கென்றே தனி மிக்ஸி என்பது ஆடம்பரம் இல்லை. வீட்டு மிக்ஸி 500 முதல் 750 வாட்ஸ் இருந்தால் போதும். ஐஸ் உடைக்கும் கடைக்கு 1,000 வாட்ஸுக்கு மேல் பாருங்கள்.

வாட்ஸ் மட்டும் பார்த்தால் போதுமா?

கடைக்காரர் வாட்ஸைப் பற்றித்தான் பேசுவார். நீங்கள் ஜாரைக் கையில் வாங்குங்கள். பிளேடைக் கழற்ற முடிகிறதா? அதன் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைத் தனியே எடுத்துக் கழுவ முடிகிறதா? உங்கள் ஊரிலேயே அந்த வாஷர் கிடைக்குமா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அந்த மிக்ஸி வேண்டாம். பாலும் பழச்சக்கையும் தங்கிப் புளிப்பது அந்த வாஷருக்கு அடியில்தான். கிருமி பெருகுவதும் அங்கேதான்.

உபயோகிக்கும் முறை

* முதலில் பால் அல்லது தண்ணீர், பிறகு பழம், கடைசியில் ஐஸ். குறைந்த வேகத்தில் ஆரம்பித்துப் பிறகு கூட்டுங்கள்.
* மிக்ஸி தானாக நின்றால், அடியில் உள்ள பட்டனை உடனே அழுத்தாதீர்கள். பாரத்தைக் குறைத்து, சூடு ஆறிய பிறகு அழுத்துங்கள்.
* சூடான சூப்பை ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றி மூடி ஓட்டினால், ஆவி மூடியைத் தள்ளி முகத்தில் தெறிக்கும். ஆறவைத்து அரைப்பதே நல்லது.
* பிளக்கைப் பிடுங்காமல் பிளேடு பக்கம் கையை விடாதீர்கள்.
* ஒவ்வொரு பானத்துக்குப் பிறகும் ஓடும் தண்ணீரில் ஜாரை அலசுங்கள். 4 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கழற்றி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரவில் கழுவிக் கவிழ்த்து, நன்றாக உலரவிடுங்கள்.
* முந்திரி, பாதாம், நிலக்கடலைக்குத் தனி ஜார் வையுங்கள். அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஜாரில் ஒட்டியிருக்கும் துளி கூட மூச்சுத் திணறலை உண்டாக்கலாம்.

ஏன் இத்தனை கண்டிப்பு?

ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்க ஜாரை முக்கி எடுக்கும் கடைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் அசுத்தத் தண்ணீர் வழியே பரவக்கூடியவை. ஜூஸ் அடுப்பில் ஏறுவதில்லை. தண்ணீரிலோ ஐஸிலோ உள்ள கிருமி அப்படியே வயிற்றுக்குப் போகிறது. உடம்பு தேறட்டும் என்று ஜூஸ் வாங்கிக் கொடுக்கிறோமே, அந்த நோயாளிக்கும் குழந்தைக்கும்தான் ஆபத்து அதிகம்.

கடை வைக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் நின்று, முந்தினவருக்குப் போட்ட ஜாரை எப்படிக் கழுவுகிறார்கள் என்று கவனியுங்கள். மனசுக்கு ஒப்பவில்லையா? பக்கத்தில் இளநீர் வெட்டித் தரச் சொல்லி, அப்படியே குடியுங்கள். அதற்கு ஜார் தேவையில்லை.