காலை மாத்திரையும் காபி டம்ளரும்

கண்ணு, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததிலிருந்து தினம் ஒரு வீடியோ அனுப்புற. குடல் பாக்டீரியாவாலதான் தைராய்டு கேன்சர் வருது, இந்தப் பவுடரைக் குடிச்சா திரும்ப வராதுன்னு. அதை வாங்காதே. தைராய்டு கேன்சர் வந்தவங்க குடல்ல பாக்டீரியாக்களோட கலவை மாறியிருக்கிறதை ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க, உண்மைதான். அந்த மாற்றம்தான் நோயைக் கொண்டுவந்துச்சுன்னு நிரூபணம் ஆகலை. பவுடர் தடுக்கும்கிறதுக்கும் ஆதாரம் இல்லை.

ஆனா குடலைக் கவனிக்க உனக்கு வேற காரணம் இருக்கு. சுரப்பியை முழுசா எடுத்தாச்சு. இனி உடம்புக்கு வேண்டிய ஹார்மோன் அந்தக் குட்டி மாத்திரையிலதான், அது சிறுகுடல் வழியாத்தான் ரத்தத்துல சேரணும். கல்லீரல் பித்தத்தோட வெளியேத்துற ஹார்மோன்ல கொஞ்சத்தைக் குடல் பாக்டீரியா பிரிச்சுக் கொடுக்குது, உடம்பு அதை மறுபடி எடுத்துக்குது.

அதனால எழுந்ததும் வெறும் வயித்துல, தண்ணியோட மட்டும் மாத்திரையைப் போடு. டிகாக்‌ஷன் வாசனை இழுத்தாலும் அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் பொறு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடு. நான் சறுக்கினது இங்கதான். தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் உள்ளங்கையில கொட்டி ஒரே மடக்குல முழுங்குவேன். ஹார்மோன் போதலைன்னு ரத்தத்துல காட்டுற டி.எஸ்.ஹெச். ஏறிக்கிட்டே போச்சு, டோஸைக் கூட்டினாங்க. கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்தினதும்தான் இறங்குச்சு.

அசிடிட்டி மாத்திரையும் தைராய்டு மாத்திரையைச் சரியா உறிஞ்சவிடாம செய்யலாம். வயித்தெரிச்சல் விடாம இருந்தா நீயா கடையில வாங்கிப் போடாம டாக்டர்கிட்ட சொல்லு. முடி கொட்டுதுன்னு பயோட்டின் சாப்பிடுறியே, அது டெஸ்ட் ரிசல்ட்டையே தப்பா காட்டும். ரத்தம் கொடுக்க ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடு.

சாப்பாட்டுல கீரை, சுண்டல், அவரை, தயிர் போதும். நார்ச்சத்தை ஒரேயடியா கூட்டாதே, மாத்திரை சேர்றது மாறும். எடையிலயும் கண் வை. உடல் கொழுப்பு அதிகமானா வாய்ப்பு கூடுற 13 புற்றுநோய்கள்ல தைராய்டும் ஒண்ணுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல சொல்லுச்சு.

கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குத் தேதி குறிச்சா மட்டும் கதை வேற. அதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே அயோடின் கலந்த உப்பு, மீன், முட்டை மஞ்சள் கரு நிறுத்தச் சொல்வாங்க. பால், தயிரும் அந்தப் பட்டியல்ல வரும். ஹோட்டல் சாப்பாடு அப்போ வேண்டவே வேண்டாம்.

டோஸ் மாத்தின தேதியைக் காலண்டர்ல குறிச்சு வை. ஆறு வாரம் கழிச்சு டி.எஸ்.ஹெச். பார்த்துட்டு, ரிப்போர்ட்டை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு.