புகைபோக்கி இல்லாத தொழில் மரபு

கேள்வி: இங்கிலாந்தில் பழைய பஞ்சாலைக் கிராமங்களைப் பேணிக் காக்கிறார்கள். ஆலையே இல்லாத எங்கள் கரையில் காப்பதற்கு என்ன இருக்கிறது?
– வாசகர், தலவில

பதில்: உப்பு இருக்கிறது. செஷயரில் ஸ்டையல் கிராமத்தருகே 1784இல் எழுந்த குவாரி பேங்க் ஆலை, 1939 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுக் காப்பு அமைப்பின் வசம் உள்ளது. அங்கே காக்கப்படுவது கட்டடம் மட்டுமல்ல; ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய ஆறும் தொழிலாளர் குடியிருப்பும் சேர்ந்ததே அந்த மரபு. அதே அளவுகோலில் உங்கள் புத்தளத்து உப்பளங்களும் குறைந்தவையல்ல. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் வற்றவிட்டு, ஜிப்சம் படிந்த பிறகு உப்பை விளைவிப்பது நுட்பமான தொழில். கண்டி இராச்சியம் இந்த உப்பை நம்பியிருந்தது. 1766 ஒப்பந்தத்தால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபோது உப்பு அரசியல் ஆயுதமானது.

அந்நியரின் ஏகபோகத்தை ஏன் கொண்டாட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காப்பது கொண்டாடுவதாகாது. ஸ்டையலில், ஆலையில் உழைத்த ஏழைச் சிறார் தங்கிய வீட்டையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். இன்றும் இயங்கும் உப்பளம் எப்படி மரபாகும் என்பது இன்னொரு மறுப்பு. இயங்குவதே அதன் பலம். பாத்தி கட்டத் தெரிந்தவர்கள் இருக்கும்போதுதான் அவர்களின் அறிவைப் பதிவுசெய்ய முடியும். பாலாவி உப்பளத் தொழிலாளரிடமிருந்து அந்தப் பணியை உங்கள் பகுதிப் பாடசாலைகளே தொடங்கட்டும்.