தழும்பு ஆறிய பின்னும் ஏன் வலி?

முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருக்கும். இடிபட்டது முழங்கை; ஆனால் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்ந்தாற்போல் உணர்வது சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் அல்லவா? அவ்விரல்களிலிருந்து வரும் நரம்பு முழங்கையில் தோலுக்கு மிக அருகே செல்கிறது. நரம்பு வழியில் எங்கே தாக்கப்பட்டாலும், செய்தி அதன் நுனியிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய துன்பத்தைப் பார்ப்போம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது, நோய் பரவியிருக்கிறதா என அறிய அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் நீக்குவதுண்டு. இரண்டாம், மூன்றாம் விலா எலும்புகளுக்கு இடையிலிருந்து கிளம்பி, அக்குளைக் கடந்து, மேற்கையின் உட்புறத் தோலுக்குச் செல்லும் மெல்லிய நரம்பொன்று இக்கணுக்களை ஒட்டி ஓடுகிறது. தசையை அசைப்பது இதன் வேலையன்று. தோலின் உணர்வைச் சுமப்பது மட்டுமே. அறுவையின்போது இது இழுபடலாம், அறுபடவும் கூடும். அறுபட்டால் அத்தோல் மரத்துப்போகும். சரி, மரத்த இடத்தில் வலி எப்படி வரும்?

அறுபட்ட நரம்பு நுனி சும்மா இருப்பதில்லை. புதிய இழைகளை விட்டு வழி தேடுகிறது. வழி கிடைக்காதபோது இழைகள் சிக்குண்டு முடிச்சாகிவிடலாம். யாரும் தொடாமலே அம்முடிச்சிலிருந்து துடிப்புகள் கிளம்பும். மூளையோ, முழங்கை இடிபட்டபோது செய்ததைப் போலவே, அவை மேற்கைத் தோலிலிருந்து வருவதாகக் கொள்கிறது. எரிச்சல், குத்தல் எல்லாம் இவ்வாறு தோன்றுபவையே. ஓயாத துடிப்புகளால் தண்டுவடத்து நரம்பணுக்களும் கூருணர்வு பெற்றுவிடுகின்றன. அதன்பின் மெல்லிய துணி உரசினாலும் வலிக்கும். மார்பகம் முழுவதும் நீக்கப்பட்ட சிலருக்கு, இல்லாத அந்த மார்பகத்திலேயே வலி தோன்றுவதும் உண்டு.

இது அரிதான தொல்லையன்று. டென்மார்க் நாட்டில், அறுவை முடிந்து 2, 3 ஆண்டுகள் ஆன 3,253 பெண்களிடம் கேட்டறிந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 47 விழுக்காட்டினர் தமக்கு வலி இருப்பதாகக் கூறினர். இளம் வயதினரிடமும், அக்குள் கணுக்கள் பலவும் நீக்கப்பட்டவர்களிடமும் இது மிகுதி.

தலை வார, உயரத்திலுள்ள டப்பாவை எடுக்க, துணி காயப்போட, எல்லாவற்றுக்கும் கையைத் தூக்க வேண்டும். வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிப்போகிறது. வலி இன்னும் கூடுகிறது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிவதில்லை. "நோய்தான் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன?" என்பார்கள் சுற்றியிருப்போர். அவருக்கோ ஒவ்வொரு குத்தலின்போதும், 'மீண்டும் வந்துவிட்டதோ?' என்ற அச்சம்.

இத்தகைய நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரைகள் அவ்வளவாக உதவுவதில்லை. வலிப்பு நோய்க்கென வந்த காபாபென்டின் கொடுக்கப்படுகிறது. மிளகாயின் காரப் பொருளான காப்சைசின் களிம்பாகப் பூசப்படுவதும் உண்டு. முதலில் எரியும், தொடர்ந்து பூசினால் தோலில் எஞ்சியுள்ள வலி நரம்பு நுனிகள் தற்காலிகமாகச் செயலிழக்கும். (வீட்டு மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள்! இது அளவறிந்து செய்த மருந்து.) தோளுக்கான பயிற்சிகளும் தேவை.

1990-களிலிருந்து அறுவை முறையே மாறி வருகிறது. சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, மார்பகத்தின் நிணநீர் முதலில் சென்றடையும் ஓரிரு கணுக்களை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கிறார்கள். அவற்றில் புற்றணுக்கள் இல்லையென்றால் மற்றக் கணுக்களைத் தொடுவதில்லை. பெரும்பாலும் அந்த மெல்லிய நரம்பும் தப்பிவிடுகிறது.