இளஞ்சிறார்க்கு எழுதக் கற்பித்தல்

எழுத்தறிவித்தல் மிகப் பழமையான தொழில். ஆயினும், அதனுள் இரண்டு வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று, எழுத்தின் வடிவத்தைக் கை பழகுதல். மற்றொன்று, நெஞ்சில் தோன்றுவதைச் சொல்லாக்கித் தாளில் வைத்தல். முன்னதை வரிவடிவப் பயிற்சி என்றும், பின்னதை வாக்கியப் பயிற்சி என்றும் இங்குக் கூறுவோம். முன்னது முற்றிய பின்னரே பின்னதைத் தொடங்க வேண்டும் என்பது நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றிய கொள்கை. அதன் பயனாக, முத்துக் கோத்தாற்போல எழுதும் சிறுமி ஒருத்தி, ஐந்தாம் வகுப்பை விட்டு வெளியேறும்பொழுதும் தன் பாட்டிக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுத இயலாமல் திகைக்கின்றாள். இவ்விரு பயிற்சிகளும் முதல் வகுப்பிலிருந்தே கைகோத்து நடைபெறல் வேண்டும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது ஏதோ பள்ளிக்கூடத்துச் சிறு காரியம் என்று எவரும் கருதற்க. தாலுகா அலுவலகங்களின் வாயிலில் மனு எழுதிக் கொடுப்போர் இன்றும் அமர்ந்திருக்கக் காண்கின்றோம். அவர்களிடம் வருவோர் அனைவரும் எழுத்தறியாதவர் அல்லர். பலர் தம் பெயரைத் தெளிவாக எழுதுவர், செய்தித்தாளைப் படிப்பர். தம் குறையைத் தம் சொற்களால் எழுதும் துணிவு ஒன்றே அவர்களிடம் இல்லை. படித்தும் பிறர் கையை எதிர்நோக்கி நிற்கும் அந்நிலை, பெரும்பாலும் ஆறு வயதிலும் ஏழு வயதிலும் பெற்ற பயிற்சியின் விளைவாகும்.

நம் முன்னோர் எவ்வாறு எழுதக் கற்பித்தனர் என்பதை முதற்கண் நோக்குவோம். திண்ணைப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை, தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதத் தொடங்கினான். ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ ஓர் எழுத்தை எழுதிக் காட்ட, அவ்வெழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே அதன்மேல் விரலை ஓட்டுவான். மணலில் கை படிந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வந்தன. சென்னை ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் கட்டளையிட்டு நடத்திய கணக்கெடுப்பின்படி, தமிழ், தெலுங்கு முதலிய மொழிகள் வழங்கிய அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்று அவரது 1826-ஆம் ஆண்டுக் குறிப்புக் கூறுகின்றது. அவற்றுள் தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் பலவற்றில் மணலே முதற் சிலேட்டாக விளங்கிற்று. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதியே தமிழ் எழுத்துக்களைப் பழகினார்.

இம்முறையின் சிறப்பை வெளிநாட்டார் ஒருவர் கண்டு வியந்த வரலாறும் உண்டு. சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அநாதைச் சாலைக்கு 1789-ஆம் ஆண்டில் தலைவராக அமைந்தவர் ஆண்ட்ரூ பெல் என்பவர். ஒருநாள் காலையில் அவர் குதிரைமேல் சென்றபொழுது, நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அம்முறையைத் தம் சாலையிலும் புகுத்த விரும்பினார். கீழாசிரியர் அதற்கு இசையாமற்போகவே, எட்டு வயதுள்ள மாணாக்கன் ஒருவனையே அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக வைத்தார். முறை பலித்தது. அவர் 1797-ஆம் ஆண்டில் லண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வாயிலாக அது 'சென்னை முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்தில் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டரும் லண்டனில் தாம் நடத்திய பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மணற்பலகையைக் கொடுத்தார்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர், 1907-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவிப் பழகினர். பின்னர், தனியெழுத்துக்களை எடுத்து அடுக்கித் தமக்குத் தெரிந்த சொற்களைத் தாமே அமைத்தனர். இவ்வாறு பழகியவர் ஒருநாள் திடீரென்று எழுதத் தொடங்கிவிட்டனர் என்று அம்மையார் எழுதியிருக்கின்றார். அவர் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் ஆசிரியர் பலர்க்கும் பயிற்சியளித்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மணலும் உப்புத்தாளும் தம்முள் ஒத்துக் காட்டும் உண்மை யாது? குழந்தையின் முதல் எழுதுகோல் அதன் விரலே. விரல், காது, கண், வாய் ஆகிய நான்கும் ஒருங்கே உழைக்கும்பொழுது எழுத்து மனத்திற் பதிகின்றது. ஆதலின், பள்ளியிற் சேர்ந்த முதல் நாளிலேயே பென்சிலைக் கையிற் கொடுத்து, இரட்டைக் கோட்டு நோட்டில் 'அ' என்பதைப் பக்கம் நிறைய எழுதச் சொல்லுதல் பொருந்தாது. சிறு கையின் தசைகள் இன்னும் முற்றவில்லை. முதலில் மணலிலும், காற்றிலும், கரும்பலகையிலும் பெரிய வடிவமாக எழுதட்டும். நோட்டுப் புத்தகம் பின்னர் வரட்டும். இடக்கை வழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல்வதும் வேண்டாத துன்பமேயாம்.

இனி, எவ்வெழுத்தை முதலிற் கற்பிப்பது என்னும் வினா எழுகின்றது. அகரமுதலாகச் சொல்லும் வரிசை இலக்கணத்திற்குரியது. கைக்கு எளிதான வரிசை வேறு. 'அ', 'இ' ஆகியவற்றின் சுழிகளும் வளைவுகளும் புதிய கைக்கு அரியன. ட, ப, ம, ர முதலியனவோ நேர்கோடுகளால் பெரும்பாலும் அமைந்தவை. இந்நான்கையும் புள்ளியையும் அறிந்த பிள்ளை படம், மடம், மரம், பட்டம் என்னும் சொற்களை எழுதிவிடலாம். ஆசிரியர் கரும்பலகையில் 'இது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மரத்தை வரைந்துவிட்டால், பிள்ளை 'மரம்' என்று எழுதி ஒரு வாக்கியத்தை முடிப்பான். இரண்டாம் வாரத்திலேயே, எழுத்து என்பது பொருளைச் சொல்லும் கருவி என்பதை அவன் உணர்ந்துவிடுகின்றான். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களையும் முடிக்கும்வரை சொல்லொன்றும் எழுதாதிருக்கும் பிள்ளைக்கு இவ்வுணர்வு எங்கிருந்து வரும்?

247 என்னும் எண்ணைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. பன்னிரண்டு உயிரும், பதினெட்டு மெய்யும், ஆய்தமும், சில துணைக்குறிகளும் தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் தாமே அமையும். ஆயினும், ஆசிரியர் விழிப்போடிருக்க வேண்டிய இடங்கள் இரண்டு உள. முதலாவது, 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் வாய் முதலில் ககரத்தையும் பின்னர் உயிரையும் ஒலிக்க, கையோ குறியை முன்னும் ககரத்தைப் பின்னும் எழுதுகின்றது. 'கொ', 'கோ' என்பவற்றில் குறி இருபுறமும் நிற்கின்றது. வாய் ஒரு வழியும் கை ஒரு வழியும் செல்லும் இவ்விடத்தில் பிள்ளை தடுமாறினால், அது மந்தபுத்தியின் அடையாளம் அன்று.

இரண்டாவது, உகர வரிசை. இதற்குப் பொதுக்குறி ஒன்றில்லை. எனினும், பதினெட்டையும் மூன்று குடும்பங்களாகப் பிரித்துவிடலாம். ஙு, சு, பு, யு, வு என்னும் ஐந்தும் கீழ்நோக்கி இறங்கும் கோடு பெறுவன. கு, டு, மு, ரு, ழு, ளு என்னும் ஆறும் வளைந்து சுற்றுவன. ஞு, ணு, து, நு, லு, று, னு என்னும் ஏழும் கீழே சென்று வலப்புறம் மேலேறுவன. குடும்பம் குடும்பமாகக் கற்பிக்கப்பெற்ற பிள்ளை, ஒன்றை அறிந்தால் அதன் உறவினரையும் அறிந்துகொள்வான். முன்னே ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துக்கள் தனி வடிவம் பெற்றிருந்தமையால் சிறுவர் பட்ட துன்பம் பெரிது. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1935 முதல் தம் இதழில் வழங்கிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டதனால், இன்று அவ்வெழுத்துக்கள் பொதுவிதிக்குள் அடங்கிவிட்டன.

நிற்க. வரிவடிவத்தைப் பற்றி இதுகாறும் கூறியது பாதியே. வாக்கியப் பயிற்சிக்கு வருவோம். இங்குத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு தனி இடர் உண்டு. அவன் வீட்டிற் பேசும் தமிழ் வேறு. புத்தகத்திற் காணும் தமிழ் வேறு. 'அப்பா சந்தைக்குப் போனாங்க' என்று சொல்லும் பிள்ளை, 'அப்பா சந்தைக்குப் போனார்கள்' என்று எழுத வேண்டியவனாகின்றான். அவன் எழுதாமல் வாளாவிருப்பதற்குச் சொல்லுவதற்கு ஒன்றுமில்லாமை காரணமன்று. தான் சொல்லுவது எழுதத் தகாதது என்று அவன் எண்ணிவிடுகின்றான். ஆதலால், முதலில் வாய்விட்டுச் சொல்லச் செய்க. சொன்னதை இகழாது கேட்டு, ஆசிரியர் அதனையே எழுத்து நடையிற் கரும்பலகையில் எழுதுக. பிள்ளை தன் சொல்லைப் புதிய உடையிற் கண்டு மகிழ்வான். நாளடைவில் அவ்வுடையைத் தானே உடுத்தக் கற்பான்.

பார்த்தெழுதுதலும் சொல்வதெழுதுதலும் பயனுடையனவே. முன்னது கையைத் திருத்தும். பின்னது காதைக் கூர்மையாக்கும். ரகர றகரங்களையும், லகர ளகர ழகரங்களையும், நகர ணகர னகரங்களையும் வேறுபடுத்தி எழுதுவதற்குச் சொல்வதெழுதுதல் மிகவும் உதவும். ஆனால், இவ்விரண்டிலும் எண்ணம் பிறருடையது. ஆதலின், நாள்தோறும் பத்து நிமிடமேனும் பிள்ளை தன் எண்ணத்தை எழுதுமாறு செய்தல் வேண்டும். முதல் வகுப்பில் ஒரு படம் வரைந்து அதன் கீழ் ஒரு சொல். இரண்டாம் வகுப்பில் 'எங்கள் ஆடு குட்டி போட்டது' என்பது போன்ற ஒருவரிச் செய்தி. மூன்றாம் வகுப்பில் விளையாட்டு ஒன்றின் விதிகளை வரிசையாக எழுதுதல். நான்கிலும் ஐந்திலும் உறவினர்க்குக் கடிதம், தலைமையாசிரியர்க்கு விண்ணப்பம். எழுதிய கடிதத்தை உண்மையாகவே அஞ்சலில் சேர்த்தல் நன்று. படிப்பவர் ஒருவர் உளர் என்று அறிந்தால், பிள்ளையின் கை தானே திருந்தும். 'பசு' என்னும் தலைப்பில், எல்லாரும் ஒன்றுபோல நெட்டுருச் செய்து எழுதும் பத்து வாக்கியங்கள் இதற்கு ஈடாகா.

திருத்தும் முறையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு பக்கம் முழுவதும் சிவப்பு மையாற் குறியிட்டுத் திருப்பித் தந்தால், மறுநாள் அப்பிள்ளை பத்து வரி எழுதும் இடத்தில் மூன்றே வரி எழுதும். குறைய எழுதினால் பிழையும் குறையும் என்பதை அது விரைவிற் கற்றுக்கொள்ளுகின்றது. ஆசிரியர் முதலில் பொருளைப் படித்து, அதைப்பற்றி ஒரு வினா வினவுக. 'ஆட்டுக்குட்டி என்ன நிறம்?' என்று கேட்டால், அடுத்த வாக்கியம் தானே பிறக்கும். பின்னர், ஒரு வாரத்திற்கு ஒருவகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்துக.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இவையெல்லாம் இயலுமா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. இதற்கு விடை, பெல் அவர்கள் கண்ட அந்தத் திண்ணையிலேயே கிடக்கின்றது. பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் எழுதியதை மற்றவர் உரக்கப் படிக்கச் செய்யலாம். தன் தோழன் படிக்க இயலாத இடத்தில் தான் எழுதியது பிழை என்பதை எழுதியவனே கண்டுகொள்வான். சட்டாம்பிள்ளையின் பிரம்பு நமக்கு வேண்டா. அவன் தந்த துணை வேண்டும். ஆசிரியர் நாளொன்றுக்கு எட்டுப் பிள்ளைகளின் எழுத்தை மட்டும் கருத்தூன்றிப் பார்த்தால், ஐந்து நாளில் வகுப்பு முழுவதும் பார்த்தாயிற்று.

நம் கல்லூரி மாணவரிற் பலர் ஆசிரியராகச் செல்லவிருக்கின்றனர். பழைய மாணவரிற் பலர் ஏற்கெனவே அத்தொழிலில் அமர்ந்துள்ளனர். மற்றையோரும் தம் இல்லத்தில் சிறு பிள்ளையொன்றின் கைபிடித்து எழுதுவிக்கும் நாள் வரும். அவர்கள் யாவர்க்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளையின் எழுத்து அழகாயிருக்கின்றதா என்று பார்க்குமுன், அவ்வெழுத்து என்ன சொல்லுகின்றது என்று பாருங்கள். கோணலாக எழுதினாலும் தன் சொல்லை எழுதத் துணிந்த பிள்ளை, வளர்ந்தபின் தன் கடிதத்தையும், தன் கணக்கையும், வேண்டுமாயின் தன் முறையீட்டையும் தானே எழுதிக்கொள்ளும். அத்துணிவை அப்பிள்ளைக்கு அளிப்பதே எழுத்தறிவித்தலின் நிறைவாகும்.